பின்சீட்டிலிருந்து பார்த்த புகை

ஜீப்பில் நான் எப்போதும் பின்னால் பார்த்துத்தான் உட்காருவேன். பின்கதவைக் கழற்றிவிட்ட வண்டி அது. பக்கவாட்டில் போட்ட நீளப் பலகையின் கடைசி ஓரம் எனக்கு. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நாங்கள் கடந்து வந்த பாதையைப் பார்த்துக்கொண்டே மலை ஏறுவேன்.

காரவள்ளியில் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் திரும்பி மேலே ஏறினால், சற்று முன்பு வந்த பாதை காலுக்கு நேர் கீழே தெரியும். எங்கள் ஜீப் விட்ட புகை அந்தப் பாதையின் மேல் அப்படியே நின்றுகொண்டிருக்கும். அதன் நிறத்தைப் பார்த்து வண்டி ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்குச் சொல்வதுதான் என் வேலை. கருப்பா, சாம்பலா, ஒன்றுமே இல்லையா. கருப்பு என்றால் இஞ்சினுக்குள் போகிற டீசல் அதிகம், காற்று குறைவு. ஒன்றுமே இல்லாமல் வண்டியும் இழுக்காமல் முனகினால் டீசல் போதவில்லை. சாம்பலாக லேசாக வந்தால் சரி. அந்த லேசான சாம்பல் நிறத்துக்காக இரண்டு மழைக்காலம் அலைந்தோம்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் அது. மலையின் மேல் ஊர்த் தொகுதிகளை நாடு என்போம். எங்களுடையது வாழவந்தி நாடு. நான் பிறந்தது திண்ணனூர் நாடு. வாழவந்தி நாட்டிலிருந்து நேராக அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்குச் சின்ன பஸ் ஒன்று விடப்போவதாக அப்போது பேச்சு அடிபட்டது. பஸ் வந்துவிட்டால் கூலிக்கு ஆள் ஏற்றுகிற எங்கள் ஜீப்பில் யார் ஏறுவார்கள்? ஜீப் நின்றுபோனால் அவர் போர்வெல் லாரிக்குப் போவார். அவருக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. காட்டு வேலையில் கை ஓடாது. போர்வெல் லாரிக்குப் போன எங்கள் ஊர் ஆண்கள் எங்கோ வடக்கே, பாஷை தெரியாத ஊர்களில் குழாய்க்கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஊர் நோம்பிக்கு, திருவிழாவுக்கு மட்டும் வருவார்கள். பிள்ளைகள் அவர்களைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நோம்பி முடிந்ததும் போய்விடுவார்கள்.

அவர் அப்படிப் போகக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காகத்தான் புகை பார்த்தேன். இல்லாவிட்டால் இஞ்சினைப் பற்றி எனக்கு என்ன அக்கறை?

பஸ்ஸை எப்படி ஜெயிப்பது என்று அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"பஸ்ஸு ஒவ்வொரு கொட்டாய்க்கும் நிக்கும் கண்ணு. நாம அதுக்கு முந்திக் கீழ போய், அதுக்கு முந்தி மேல வந்துட்டா? மொளகு கொண்டுட்டுப் போறவங்களுக்கு முந்திப் போய்ச் சேந்தாத்தான யாவாரம்."

"இந்த வண்டி எப்படீங்க முந்தும்? லோடு ஏத்துனா சோளக்காட்டு ஆடெல்லாம் நம்மள முந்திப் போவுது."

அவர் சிரித்தார். "அதுக்குத்தான் டர்போ போடப் போறேன்."

நாமக்கல்லில் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில், நசுங்கிக் கிடந்த ஏதோ ஒரு வண்டியிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். உரச் சாக்கில் சுற்றி, அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார். பெரிய நத்தை ஓடு போலச் சுருண்ட இரும்பு. உள்ளே ஒரு சின்னக் காற்றாடி. விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றியது. இஞ்சின் வெளியே விடுகிற புகையின் வேகத்தில் இந்தக் காற்றாடி சுற்றும். அது சுற்றினால் மறுபக்கத்தில் இருக்கிற இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை இழுத்து இஞ்சினுக்குள் அமுக்கும். காற்று அதிகமாகப் போனால் டீசலையும் அதிகமாக விடலாம். அப்போது வண்டி இரண்டு மடங்கு இழுக்கும். இதையெல்லாம் அடுப்படித் தரையில் கரியால் படம் போட்டுக் காட்டினார். நான் படத்தைவிட அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

லேத்துப் பட்டறையில் குழாய்கள் வளைத்து, பட்டை வைத்து, எப்படியோ பொருத்திவிட்டார்கள். டீசல் பம்ப்பில் ஒரு ஸ்க்ரூ உண்டு. அதைத் திருகினால் இஞ்சினுக்குப் போகிற டீசல் கூடும், குறையும். அதையும் கூட்டி வைத்தார்கள்.

முதல் ஓட்டத்தில் சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வரைக்கும் சமதளம். அங்கே வண்டி பறந்தது. புளிய மரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. டர்போ சுற்றும்போது ஒரு விசில் சத்தம் வந்தது, மெல்லியதாக, யாரோ தூரத்தில் ஊதுவது போல. அவர் முன்னால் இருந்தபடி, "கேக்குதா, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பிறகு முதல் வளைவு வந்தது.

கொண்டை ஊசி வளைவில் எந்த வண்டியும் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். முதல் கியர் போட்டார். விசில் நின்றது. காற்றாடி சுற்ற வேகம் வேண்டும், வேகம் இல்லை. காற்று வரவில்லை, ஆனால் கூட்டி வைத்த டீசல் முழுவதும் உள்ளே போனது. தார் காய்ச்சுகிற இடத்தில் எழும்புவது போல் ஒரு கரும்புகை எழுந்து பின்னால் என் முகத்துக்கே வந்தது. வண்டி மூச்சுத் திணறி வளைவை ஏறியது. நேர்ப் பாதை வந்ததும் வேகம் பிடித்து, விசில் லேசாகக் கேட்க ஆரம்பித்தது. அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது.

அப்படியே மேலே வரைக்கும். விசில் தொடங்கும், வளைவு வரும், நின்றுவிடும். தொடங்கும், நின்றுவிடும்.

சேந்தமங்கலத்தில் டீசல் பம்ப் வேலை பார்க்கிற ஒரு பாய் இருந்தார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை. என்னைத் தங்கச்சி என்றும் என் வீட்டுக்காரரை மாப்ள என்றும் கூப்பிடுவார். அவர் கடையில் ஒரு பெரிய மேசை உண்டு. பம்ப்பைக் கழற்றி அதில் பூட்டி மோட்டாரால் சுற்றினால், நான்கு கண்ணாடிக் குழாய்களில் டீசல் விழும். ஒரு சிலிண்டருக்கு ஒரு குழாய். நான்கிலும் ஒரே மட்டமாக விழ வேண்டும். பாய் குனிந்து, கண்ணைக் குழாய்க்கு நேராக வைத்து, ஸ்க்ரூவைத் தொட்டும் தொடாததுமாகத் திருப்புவார். கண்ணாடியில் மஞ்சள் நிறத்தில் டீசல் ஏறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு பாய் சொன்னார்: "இது நேர் ரோட்டுல ஓடற வண்டிக்கு உண்டான சாமான் மாப்ள. உங்க மலைல நேர் ரோடு எங்க இருக்கு? அது மூச்சு எடுக்கறதுக்குள்ள நீங்க திருப்பிடறீங்க."

"அளவு சரியா வெச்சா வரும் பாய்."

"கொறச்சா புகை வராது. ஆனா லோடோட வளைவுல ஏறாது. கூட்டினா ஏறும், புகையும். ரெண்டுக்கும் நடுவுல எடம் இருக்கான்னா, இருக்கு. நூல் அளவு. அது கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. மேல போகப் போகக் காத்து மெலிசு. இங்க நான் சரியா வெக்கறது அங்க அதிகமாப் போயிரும்."

"வெய்யிங்க பாய். பாத்துக்கறேன்."

பாய் வைத்துக்கொடுத்தார். ஸ்க்ரூவின் தலையில் மெல்லிய கம்பியைக் கோத்து, ஒரு ஈயத் துண்டை அமுக்கி முத்திரை போட்டார். "இதை அறுத்தீங்கன்னா அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்றார்.

காரவள்ளியில் இறங்கி டீ குடிக்கும்போதே என் வீட்டுக்காரர் அதை அறுத்துவிட்டார். மறுபடி பாயிடம் போனார், பாய் திட்டிக்கொண்டே மறுபடி முத்திரை வைத்தார். எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் பாய், "காரவள்ளி வரைக்குமாவது தாங்குதே, அது போதும்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

இப்படித்தான் நான் புகை பார்க்கிற வேலைக்கு வந்தேன். ஓட்டுகிறவருக்குத் தன் புகை தெரியாது. வளைவில் அவர் கண் முன்னால் இருக்க வேண்டும். அதனால் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஆனால் வண்டி நிறைய ஆட்கள். அத்தனை பேருக்கு நடுவில், "ஏனுங்க, கருப்புங்க" என்று எப்படிக் கத்துவது? முதல் நாள் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அன்று மாலை அவரே ஒரு யோசனை சொன்னார். கம்பியில் தட்டு. கருப்பு என்றால் ஒரு தட்டு. சாம்பல் என்றால் இரண்டு. சும்மா இருந்தால் புகை இல்லை.

தட்டுவதற்கு ஒரு பழைய போல்ட்டை வைத்துக்கொண்டேன்.

ஒரு தட்டு கேட்டால் அவர் ஆக்சிலேட்டரை லேசாக விடுவார். அந்த வளைவை மனதில் குறித்துக்கொள்வார். மேலே போனதும் பானெட்டைத் திறந்து ஸ்க்ரூவைத் தலைமுடி அளவு திருப்புவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் மறந்துபோன ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்து ஜீப்புகளில், இறங்க வேண்டியவர்களும் கம்பியில்தான் தட்டுவார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா, என் மாமியாருக்கு அக்கா முறை. வாரம் தவறாமல் மிளகு மூட்டையோடு கீழே போய்வருவார். ஒரு நாள் ஏறும்போது, வண்டி நிறைய ஆட்கள், மேலே மூட்டைகள், பாதி வளைவில் டங் என்று ஒரு தட்டு. என் வீட்டுக்காரர் கருப்பு என்று நினைத்து ஆக்சிலேட்டரை விட்டார். வண்டி விக்கி, இருமி, அப்படியே அணைந்தது. பின்னோக்கி உருள ஆரம்பிக்க, ஆண்கள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆருங்க தட்டுனது?"

"நாந்தான் சாமி" என்றார் பெரியம்மா. "என்ற கொடை கீழ உழுந்துருச்சு."

"நீங்க தட்டுனா நிறுத்தோணும். அவ தட்டுனா டீசலக் கொறைக்கோணும். நான் எதையின்னு கேக்கறது?"

"அவ எதுக்குத் தட்டறா? வாயத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் போல்ட்டை மடியில் மறைத்துக்கொண்டேன். ஒருவர், "அம்மிணி, எதுக்கு ஒண்ணு, எதுக்கு ரெண்டுன்னு எங்களுக்கும் சொல்லிக்குடு, நாங்களும் தட்டறோம்" என்றார். பெரியம்மா குடையை எடுக்கக் கீழ் வளைவுக்கு நடந்து போனார். அவர் திரும்பி வரும் வரை காத்திருந்தோம். அதன் பிறகு என் வீட்டுக்காரர் தன் தோளில் ஒரு கயிறு கட்டினார். மறுமுனை என் கையில். கருப்பென்றால் இழுப்பேன். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போல இருக்கிறது என்று அதற்கும் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியில் ஆள் இருக்கிற வரைக்கும் அவருக்கு எதிலும் கோபம் வராது.

அடுத்த மழைக்காலத்துக்குச் சற்று முன்பு பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய டர்போ வண்டிகளின் பம்ப் மேல் ஒரு டப்பா இருக்கும். டர்போவிலிருந்து ஒரு சின்னக் குழாய் அதற்குள் வரும். டப்பாவுக்குள் ஒரு வட்ட ரப்பர். காற்று வந்து அமுக்கினால் ரப்பர் கீழே இறங்கி டீசலைக் கூட்டும். காற்று இல்லையென்றால் மேலே ஏறி, டீசலைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படி ஒரு டப்பாவை எங்கோ பிடித்து, எங்கள் பம்ப்பில் பொருத்திக் கொடுத்தார். வளைவில் புகை பாதியானது. அந்த நாட்களில் கயிற்றை இழுக்காமலே நான் நிறைய வளைவுகளைக் கடந்தேன். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடுவது எனக்குக் கேட்கும்.

பஸ்ஸும் அந்த நாட்களில்தான் வந்தது. முன்கண்ணாடியில் மாலை போட்டு, சந்தனம் தெளித்து. பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடின. எங்கள் ஆட்களில் சிலர் ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம் என்று ஏறினார்கள். ஆனால் நாங்கள் அதற்கு முந்திப் போனோம், முந்தி வந்தோம். பெரியம்மா எங்களோடுதான் வந்தார். "பஸ்ஸுல குந்துனா ஆரும் பேச மாட்டேங்கறாங்க" என்றார்.

டப்பாவுக்குள் இருந்த ரப்பர் பழையது. அது கிழிந்தது. புதியது கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், பொறுத்திருங்கள் என்று பாய் சொல்லி அனுப்பினார். நடுவில் சந்தை நாள். சந்தை நாளில் ஜீப் நின்றால் அன்றைக்கு எல்லாரும் பஸ்ஸில் போய்விடுவார்கள், பிறகு திரும்பி வர மாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் பயந்தார். எனக்கும் அதே பயம்தான்.

எங்கள் மலையில் எது கிழிந்தாலும் ட்யூப்தான். மிளகு பறிக்க ஏறுகிற மூங்கில் ஏணியை மரத்தோடு கட்டுவது சைக்கிள் ட்யூப் வாரால். தண்ணீர்க் குழாய் வெடித்தால் அதே வாரைச் சுற்றுவோம். செருப்பு வார், மண்வெட்டிப் பிடி, உடைந்த கட்டில் கால், எல்லாவற்றுக்கும் அதுதான். அவர் ஒரு நல்ல ட்யூப் துண்டைக் கிழிந்த ரப்பரின் மேல் வைத்து, வட்டமாக வெட்டி, டப்பாவுக்குள் பொருத்தினார். நான்தான் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தேன். காலையில் இறங்கும்போது ஒரு குறையும் இல்லை.

ட்யூப் ரப்பர் டீசல் பட்டால் ஊறிப் பெருத்துவிடும் என்று எங்களுக்குத் தெரியாது. பகல் முழுவதும் கீழே நின்ற வண்டியில் கசிந்த டீசலைக் குடித்து அது உப்பிக்கொண்டிருந்திருக்கிறது. மாலையில் ஏற ஆரம்பித்தபோது டப்பாவுக்குள் அது இறுகிப்போய், டீசலை முழு அளவில் திறந்துவிட்டபடி நின்றுவிட்டது. வண்டி நிறைய ஆட்கள். முதல் வளைவிலேயே கருப்பு. நான் கயிற்றை இழுத்தேன். இரண்டாவது வளைவில் இன்னும் கருப்பு. கயிற்றை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் புகை குறையவில்லை. மழை மேகம் இறங்கியிருந்ததால் புகை மேலே போகாமல் வண்டிக்குள்ளேயே சுற்றியது. குழந்தைகள் இருமின. ஒரு பெண் வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். சந்தையில் வாங்கிய வெள்ளை வேட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒருவர் மடித்து வைத்துக்கொண்டார்.

பின்னால் பஸ் வந்தது. எங்கள் புகைக்குள்ளிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு. வழி விடுவதற்காக அவர் ஒரு வளைவில் ஓரம் கட்டினார். பஸ் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியே எட்டி, "என்னங்க, வண்டி தீப்புடிச்சிருச்சுங்களா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

பெரியம்மாதான் முதலில் இறங்கினார். முகத்தில் கரி. மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் பக்கம் போனார்.

"மூச்சு முட்டுது சாமி. நான் அதுல போறேன். கோவிச்சுக்காத."

"போங்க பெரியம்மா. அதிலென்ன."

"நாளைக்கு உங்கூடத்தான் வருவேன்."

"வாங்க."

ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாந்தி எடுத்த பெண் மட்டும் என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். பஸ் புறப்பட்ட பிறகு மேகத்துக்குள் அதன் பின்விளக்கு கொஞ்ச நேரம் தெரிந்தது. நாங்கள் இருவரும் கரும்புகையைக் கக்கிக்கொண்டு மீதி வளைவுகளை ஏறினோம். இழுக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதால் கயிற்றை விட்டுவிட்டேன்.

சரியான ரப்பர் வந்தது. பாய் ஒரு நாள் முழுவதும் கடையில் வேறு வேலை எடுக்காமல் பம்ப்பை மேசையில் வைத்துப் பார்த்தார். அதோடு விடாமல், எங்களோடு ஜீப்பில் ஏறி, முதல் சில வளைவுகள் வரைக்கும் வந்து, இறங்கி, கையில் ஸ்பேனரோடு பானெட்டுக்குள் குனிந்து ஏதோ செய்துவிட்டு, கீழே போகிற ஒரு மரவள்ளி லாரியில் திரும்பிப் போனார். அதற்கு முன்பு அவர் மலை ஏறி நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு புகை குறைந்துகொண்டே வந்தது. நான் வாரத்துக்கு வாரம் சொல்லிக்கொண்டே வந்தேன். சாம்பல். லேசான சாம்பல். ஒரு நாள் எந்த வளைவிலும் ஒன்றும் இல்லை. கீழ்ப் பாதையில் மழை ஈரம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"புகையே இல்லீங்க" என்றேன். இதை நான் வாய்விட்டே சொன்னேன். கேட்பதற்கு வண்டியில் வேறு யாரும் இல்லை.

அவர் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். விளிம்பில் நின்று கீழே பார்த்தார். "பாத்தியா? பாய் சொன்னாருல்ல, நூல் அளவுல இருக்குதுன்னு. புடிச்சாச்சு கண்ணு." கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு திரும்பினார். திரும்பியவர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நின்றார். பின்சக்கரத்துக்கு மேல் இருக்கிற பட்டைகள், பாரம் ஏறினால் தட்டையாகிறவை, அன்று நன்றாக வளைந்து வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தன. வண்டிக்குள் நானும் ஒரு மண்ணெண்ணெய்க் கேனும்தான்.

பட்டையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எட்டுப் பேரு ஏறுனா மறுபடி புகையும்."

"ஏறட்டுங்க. அப்பப் பாத்துக்கலாம்."

"ஆமா. ஏறட்டும்."

ஆனால் அவர் அதோடு விடவில்லை. பாரத்தோடு சரி பார்க்க வேண்டும், ஆட்கள் வரும்போது வண்டி தயாராக இருக்க வேண்டும் என்றார். ஆட்கள் இல்லை. அதனால் அடுத்த வாரம் காரவள்ளிக்கு அருகில் ஓடையில் கிடந்த கற்களைப் பொறுக்கி வண்டியில் ஏற்றினார். பலகையின் மேல், பலகைக்கு அடியில், பெரியம்மா உட்காருகிற இடத்தில் ஒரு பெரிய கல். நானும் தூக்கினேன். பட்டைகள் தட்டையாகும் வரைக்கும் ஏற்றினோம். பிறகு நான் என் ஓரத்தில், கற்களுக்குப் பக்கத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

புகை வந்தது. முதலில் சாம்பல், வளைவுகள் கூடக் கூடக் கருப்பு. இரண்டு இடங்களில் நிறுத்தி ஸ்க்ரூவைக் குறைத்தார். குறைத்ததும் வண்டி கற்களோடு ஏற மாட்டாமல் நின்றது. மறுபடி கூட்டினார். கருப்பு. நான் கயிற்றை இழுக்காமல் இருந்து பார்த்தேன், அவராகவே திரும்பி, "கருப்பா?" என்று கேட்டார். "கருப்புங்க" என்றேன்.

அப்போது பஸ் கடந்து போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியம்மா எங்களைப் பார்த்தார், வண்டிக்குள் இருந்ததையும் பார்த்தார். நல்ல மனசுக்காரர்தான்; ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஏஞ்சாமி, கல்லுக்கெல்லாம் டிக்கெட்டு கிழிச்சியா?"

பஸ்ஸுக்குள் சிரிப்பு எழுந்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். பஸ் போகும் வரைக்கும் அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்திருந்தார். பிறகு இறங்கி, கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாதையோரத்தில் அடுக்கினார். நான் உதவ வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். கற்கள் இறங்கியதும் வண்டி லேசாகி, விசிலடித்துக்கொண்டு, ஒரு பொட்டுப் புகை இல்லாமல் மேலே ஏறியது.

ஜீப்பை விற்றுவிட்டோம். அடிவாரத்துக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவர் முதலில் செய்த காரியம் டர்போவைக் கழற்றிப் போட்டதுதான் என்று பாய் பிறகு சொன்னார். கார்த்திகை முடிவதற்குள் என் வீட்டுக்காரர் போர்வெல் லாரிக்குப் போய்விட்டார். கீழே போக வேறு வண்டி ஏது? அந்தப் பஸ்ஸில்தான் போனார். பெட்டியைத் தூக்கி மேலே வைத்துக்கொடுத்தேன். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உட்கார்ந்ததும் இஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது தெரிந்தது. அந்தப் பழக்கம் விடவில்லை.

நோம்பிக்கு வந்தார். கருத்திருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். நான் பயந்ததுபோல மகள் ஒளிந்துகொள்ளவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அங்கே சோறு எப்படி, தண்ணி எப்படி என்று நான் கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். லாரியைப் பற்றிக் கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கம்பெனியிலயே டர்போ வெச்ச வண்டி கண்ணு. ரோடுன்னா ரோடு. வளைவே இல்ல. விடியால அமுக்குனா பொழுது சாயற வரைக்கும் விசில் நிக்கறதே இல்ல."

"புகைங்க?"

"ஒண்ணுங் கெடையாது. பின்னால ஆளு வெச்சுப் பாக்கற வேலையே இல்ல."

அடுப்படித் தரையில் படம் போட்டுக் காட்டிய நாளில் இருந்த முகம்தான் அப்போதும். அவர் அந்தச் சாலையைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டே போனார்; இரண்டு பக்கமும் கோதுமைக் காடு, கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரே கோடு மாதிரி தார் ரோடு. இடையில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றினேன். மலையில் ஜீப் ஓட்டிய நாட்களைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை.

பத்து நாள் இருப்பதாகச் சொல்லி வந்தவர், நோம்பிக்கு மறுநாளே கிளம்பிவிட்டார்.